செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: பம்ப்பை மாற்றும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார் செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வது என்று தங்கள் வாகனப் பக்கத்தில் வெளியான குறிப்பைப் படித்தேன். பிளக் வயரைக் கழற்றி இன்ஜின் அருகே பிடித்துப் பார்க்க வேண்டும், தீப்பொறி வராவிட்டால், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலை மாற்ற வேண்டும், வந்தால் பெட்ரோல் பம்ப்பை மாற்ற வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. கார்புரேட்டர் வண்டிகளில் பழகிய கை இப்படித்தான் தொடங்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இந்த வழி நல்ல பாகங்களைக் கழற்றி எறிய வைக்கும்; காயிலையும் அதை இயக்கும் மின்னணுப் பாகமான இக்னைட்டரையும் எரித்தும் விடலாம். 80களின் நடுவிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வந்த கார்கள் இன்னும் எத்தனையோ பேரிடம் ஓடிக்கொண்டிருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வண்டிகளில் பம்ப், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், காயில் மூன்றும் தனித்தனியாக இயங்குபவை அல்ல. பெரும்பாலானவற்றில் மூன்றுக்கும் உத்தரவு ஈ.சி.யு. எனப்படும் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து போகிறது. இன்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொன்னால்தான் அந்தப் பெட்டி வேலை செய்யும். சில மாடல்களில், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் காயில் இதைச் சொல்கிறது. இந்த ஒரு சென்சார் செத்தால் போதும்: பொறி நிற்கும், இன்ஜெக்டர் திறக்காது, சாவி போட்ட முதல் இரண்டு மூன்று நொடிக்குப் பிறகு பம்ப்பும் ஓடாது. அப்போது புதுப் பம்ப் வாங்கிப் போட்டால் அதுவும் ஓடாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது எந்தப் பாகம் போயிற்று என்பதல்ல. பொறி மட்டும் இல்லையா, பெட்ரோல் மட்டும் இல்லையா, இரண்டுமே இல்லையா என்பதுதான்.

ஸ்பானரை எடுக்கும் முன்பே காதும் கண்ணும் பாதி பதிலைச் சொல்லிவிடும். செல்ஃப் அடிக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும் ஏற்ற இறக்கம் சத்தத்தில் கேட்க வேண்டும். அது இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாக, ஒரே சீராக, பாரமே இல்லாததுபோல் சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் போனால் பிஸ்டன் வால்வில் இடிக்கும்; மேலும் மேலும் சுற்றுவது சேதத்தைக் கூட்டும். கேம் ஷாஃப்ட்டால் சுழலும் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் சோதனை எளிது. அதன் மூடியைக் கழற்றி, காயிலின் வயர் இணைப்பான கப்ளரையும் கழற்றிவிட்டு, ஒருவர் ஒரே ஒரு நொடி செல்ஃப் அடிக்க மற்றவர் உள்ளே சுழலும் ரோட்டரைப் பார்க்கட்டும். ரோட்டர் அசையாமல் நின்றால் பெல்ட் போயிற்று. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளே கேம் ஷாஃப்ட் நகர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

அடுத்தது பேட்டரி. செல்ஃப் சுற்றுகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்பது மிகப் பரவலான தவறு. ஸ்டார்ட்டர் மோட்டார் குறைந்த வோல்டேஜிலும் தட்டுத் தடுமாறிச் சுற்றும், ஈ.சி.யு. அப்படியல்ல, வோல்டேஜ் ஓரளவுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மற்ற எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டாம், முதலில் சார்ஜ் செய்யுங்கள். அப்படியே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து மறுபடி அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் துரு அல்லது தளர்ச்சி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவே ஒரு நிமிடம் ஆற விட வேண்டும். ஸ்டார்ட்டர் சூடாகி எரிவது ஒருபக்கம். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் சேர்ந்து, பிறகு வண்டி பற்றும்போது அதைப் பழுக்கக் காய்ச்சிக் கெடுப்பது இன்னொரு பக்கம்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் டாஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது ஈ.சி.யு.வுக்குக் கரண்டே வரவில்லை. அப்போது இன்ஜெக்‌ஷன் ஃபியூஸும் ஈ.சி.யு.வுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மெயின் ரிலேயும்தான் முதல் சந்தேகம். சாவியை அடையாளம் காணாவிட்டால் இன்ஜினைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால், மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். சாவியை ஆன் செய்யும் அதே நேரத்தில் பின் சீட் பக்கம் காதை வைத்தால் டேங்கிலிருந்து இரண்டு மூன்று நொடி பம்ப் முனகும் சத்தம் கேட்கும். இதில் ஓர் எச்சரிக்கை: உள்ளே போகும் காற்றை அளக்கும், காற்றுத் தகடு உள்ள ஏர் ஃப்ளோ மீட்டர் கொண்ட பழைய எல்-ஜெட்ரானிக் வகை வண்டிகள் பலவற்றில் சாவி போட்டதும் பம்ப் ஓடாது. செல்ஃப் அடித்து, தகடு திறந்தால்தான் ஓடும். அங்கே சத்தம் கேட்கவில்லை என்பதற்காகப் பம்ப்பைக் குற்றம் சொல்லக் கூடாது.

இன்ஜின் வேகத்தைக் காட்டும் டேக்கோ மீட்டர் முள்ளையும் ஒரு கண் பாருங்கள். பல வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது அது சற்றே எழும்பி நிமிடத்துக்கு 200, 300 சுற்று அருகே துடிக்கும். அத்தகைய வண்டியில் முள் அசையாமல் பூஜ்யத்தில் படுத்திருந்தால், கிராங்க் சிக்னலோ இக்னிஷன் சிக்னலோ வரவில்லை என்று சந்தேகிக்கலாம்.

இனி பிளக். செல்ஃப் அடித்த கையோடு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்து, பெட்ரோல் வாசனையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பளபளத்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் வந்து பிளக் மூழ்கிவிட்டது. மூழ்கிய வண்டிக்கு ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். பெரும்பாலான ஈ.சி.யு.க்கள் அந்த நிலையில் பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் ஓட விடும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடுவதால் இங்கே ஒரு பயனும் இல்லை. பலமுறை மூழ்கிய இன்ஜினில் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங் அடைக்காமல் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு, விழும். பிளக் புதிதாக இருந்தாலும் பற்றாது. பிளக்குகளைக் கழற்றி, காயிலையும் இன்ஜெக்டர்களையும் துண்டித்துச் சில நொடி சுற்ற விட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, காய்ந்த பிளக் போட்டால் பெரும்பாலும் உயிர் வரும். கொஞ்ச நேரம் புகை வரும். அது விட்ட ஆயில்தான்.

இப்போது பொறிச் சோதனை. தங்கள் குறிப்பில் நான் மிகவும் கவலைப்பட்டது இந்த இடத்தில்தான். எலக்ட்ரானிக் இக்னிஷனில் வயரை வெறுமனே காற்றில் தொங்கவிட்டு செல்ஃப் அடித்தால், போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலுக்குள்ளேயே பாய்ந்து இன்சுலேஷனைத் துளைக்கும், இக்னைட்டரும் போகும். கையில் பிடிப்பவருக்கு விழும் அடியும் சாதாரணமானதல்ல. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வாங்கி, அதன் கிளிப்பை இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் மாட்டுங்கள். திறந்த பிளக் துளையிலிருந்தும் பெட்ரோல் குழாய்களிலிருந்தும் அது தள்ளி இருக்கட்டும். நீலமாக, ‘டக் டக்’ என்று சத்தத்தோடு விழும் பொறி நல்லது. மெலிந்து, மஞ்சளாக, விட்டுவிட்டு வருவது அழுத்தத்துக்குள் பற்ற வைக்காது. மழை ஈரத்துக்குப் பிறகு இப்படி ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடு போன்ற கரித் தடமும், நடுவே உள்ள கார்பன் முனை தேய்ந்திருப்பதும் தெரியும்.

இன்ஜெக்டரைத் திறக்கும் மின் துடிப்பு வருகிறதா என்று பார்க்க நாய்டு லைட் என்ற சிறு பல்ப் போதும். இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றி அதில் செருகி செல்ஃப் அடித்தால் மின்ன வேண்டும். இன்ஜெக்டரின் ஒரு வயரில் சாவி போட்டதும் 12 வோல்ட் நிற்கும், மறுமுனையை ஈ.சி.யு. எர்த் செய்து செய்து விடும். இன்ஜெக்டருக்குள் இருக்கும் சுருளின் மின்தடை பெரும்பாலும் 12 முதல் 16 ஓம். 2, 3 ஓம் காட்டும் வகைகளும் உண்டு. அவற்றுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும்.

பொறியும் இல்லை, துடிப்பும் இல்லை என்றால் பம்ப், காயில், பிளக் எதையும் தொடாதீர்கள். இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு: கிராங்க் சென்சார், மெயின் ரிலே, ஈ.சி.யு.வின் எர்த், இம்மொபிலைசர், இக்னிஷன் சுவிட்ச்.

கிராங்க் சென்சார் இரண்டு வகை. இரண்டு வயர் உள்ள காந்தச் சுருள் வகையில் தடையை அளக்கலாம். பலவற்றில் 200 முதல் 1500 ஓம் வரை இருக்கும், சிலவற்றில் இன்னும் அதிகம். செல்ஃப் அடிக்கும்போது ஏ.சி. அளவீட்டில் அரை வோல்ட்டாவது எழ வேண்டும். மூன்று வயர் உள்ள, காந்த மாற்றத்தை உணரும் சிப் கொண்ட ஹால் வகையில் தடை அளப்பது பயனற்றது. அதற்கு 5 அல்லது 12 வோல்ட் போகிறதா, எர்த் இருக்கிறதா, சிக்னல் வயர் ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் பற்றாமல், அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் பற்றும் வண்டியில் இந்தச் சென்சாரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். சூட்டில் உள்ளிருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் விரிந்து தொடர்பு விடும். பற்றாத அந்த நேரத்திலேயே சென்சாரின் உடல்மீது மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஆற்றிப் பாருங்கள். உடனே பற்றினால் ஆள் அகப்பட்டுவிட்டது. மாற்றுவதற்கு முன் கழற்றி நுனியையும் பாருங்கள். காந்தத்தில் இரும்புத் தூள் தாடிபோல் ஒட்டியிருந்தாலே சிக்னல் மங்கும், துடைத்தாலே சரியாகலாம். டிஸ்ட்ரிபியூட்டரில் திருகப்பட்ட இக்னைட்டர் மாட்யூலும் இதே சூட்டு நோயைக் காட்டும். அதன் அடியில் பூச வேண்டிய வெள்ளை ஹீட் பேஸ்ட் இல்லாமல் மாட்டினால் புது மாட்யூலும் சீக்கிரம் போகும்.

மெயின் ரிலேயும் சூட்டில் மக்கர் செய்யும். வெயிலில் பூட்டிக் கிடந்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல், கதவைத் திறந்து போட்டு உள்ளே குளிர்ந்ததும் ஸ்டார்ட் ஆனால், ரிலேயின் மூடியைக் கழற்றி உள்ளே ஈயப் பற்றுகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசிக் காலைச் சுற்றி முடி அளவு வட்ட விரிசல் தெரியும். அதற்குப் புது ஈயம் வைத்தால் போதும்.

இக்னிஷன் சுவிட்ச் ஒரு விசித்திரமான குறியைக் காட்டும். செல்ஃப் அடிக்கும்வரை ஒன்றும் இல்லாமல், சாவியை விடும் அந்த நொடியில் இன்ஜின் ஒருமுறை பற்ற முயன்றால், ஸ்டார்ட் நிலையில் சுவிட்ச் இக்னிஷனுக்குக் கரண்ட் கொடுக்கவில்லை என்று பொருள். காயிலின் பாசிட்டிவ் முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் உறுதியாகிவிடும்.

பொறி இருக்கிறது, பெட்ரோல் மட்டும் இல்லை என்றால்தான் பம்ப் பக்கம் போக வேண்டும். அப்போதும் பம்ப் கடைசி. முதலில் ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றுங்கள்; பழைய வண்டியின் பெட்ரோல் மீட்டர் பொய் சொல்வது சகஜம். பிறகு ஃபியூஸ். சில மாடல்களில், குறிப்பாக ஃபோர்டு கார்களில், மோதலின்போது பம்ப்பை நிறுத்தும் இனெர்ஷியா சுவிட்ச் டிக்கியிலோ முன் கால்வைப்பின் ஓரத்திலோ இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கினாலே அது விழுந்துவிடலாம்; மேலே உள்ள பட்டனை அழுத்தினால் சரி. அடுத்து ரிலே. அதைப் பிடுங்கி, சாக்கெட்டில் 30, 87 என்ற முனைகளை 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த வயரால் இணைத்தால் பம்ப் நேரடியாக ஓட வேண்டும். இந்த எண்கள் எல்லா வண்டியிலும் இருக்காது. ரிலேயின் மேல் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்து, கான்டாக்ட் முனைகள் எவை என்று தெரிந்துகொண்டு இணையுங்கள். ஓடினால் பம்ப் நல்லது. ரிலேயோ அதை இயக்கும் சிக்னலோதான் கெட்டது. ஓடாவிட்டால் பம்ப்பின் கப்ளரிலேயே, அது மாட்டியிருக்கும் நிலையில், வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ எர்த்திலோ தடை இருக்கிறது. முழு வோல்டேஜ் வந்தும் ஓடாத பம்ப்தான் மாற்ற வேண்டிய பம்ப். டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது ஓடத் தொடங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. வண்டியை வீடு சேர்க்க அது உதவும், அதற்கு மேல் நம்பக் கூடாது.

பம்ப் ஓடுவது மட்டும் போதாது, பிரஷர் வர வேண்டும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிக்கும் குழாயான பெட்ரோல் ரெயிலில் கேஜ் மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் உள்ள பெரும்பாலான வண்டிகளில் 2.5 முதல் 3 பார், அதாவது 36 முதல் 43 பி.எஸ்.ஐ. இருக்கும். காற்று நுழையும் த்ராட்டில் பாடியில் ஒரே இன்ஜெக்டர் உள்ள வகைகளில் பலவற்றுக்கு ஒரு பாரை ஒட்டியே போதும். மெக்கானிக்கல் வகையான கே-ஜெட்ரானிக்குக்கு 5 பார் அளவில் தேவை. சத்தம் சரியாக இருந்தும் பிரஷர் ஏறாவிட்டால் ஃபில்டர் அடைத்திருக்கலாம். அல்லது டேங்குக்குள்ளேயே பம்ப்பையும் மேல் குழாயையும் இணைக்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸ் கிழிந்து, பெட்ரோல் மறுபடி டேங்குக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கலாம். இதைக் கவனிக்காமல் பம்ப்பை மட்டும் மாற்றினால் கோளாறு அப்படியே இருக்கும். அங்கே போடும் புது ஹோஸ் பெட்ரோலில் முழுக மூழ்கிக் கிடக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். வெளியே ஓடும் சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்ளே ஊறிப் போய்விடும். பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள். அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருந்தாலும் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. வண்டி மூழ்குவதற்கு அதுவே காரணம். எந்தக் குழாயையும் திறக்கும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் சில நொடி செல்ஃப் அடித்துப் பிரஷரை இறக்குங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், கம்பி பல்ப் விளக்கு வேண்டாம்.

பொறி, துடிப்பு, பிரஷர் மூன்றும் சரி, ஆனாலும் குளிரில் மட்டும் பற்றவில்லையா? ஈ.சி.யு.வுக்கான கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாரை அளங்கள். டாஷ்போர்டு மீட்டருக்கான சென்சார் பெரும்பாலும் வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது. பொதுவாக 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும். ஷார்ட் ஆனால் இன்ஜின் சூடாக இருக்கிறது என்று நினைத்து ஈ.சி.யு. கூடுதல் பெட்ரோல் தராது. வயர் அறுந்தால் உறைபனி என்று நினைத்து வாரி இறைத்து மூழ்கடிக்கும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மட்டும் பற்றுகிறது என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது காற்று விடும் ஐடில் வால்வும் த்ராட்டில் பாடியும் கரி பிடித்திருக்கின்றன. ஏர் ஃப்ளோ மீட்டருக்குப் பிறகுள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள்; அங்கே கிழிந்தால் அளக்கப்படாத காற்று புகுந்து, பற்றிய வேகத்தில் அணையும்.

எல்லாம் சரியாக இருந்தும் பற்றாவிட்டால் கம்ப்ரஷன். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து அளக்க வேண்டும். நல்ல இன்ஜின் 150 முதல் 180 பி.எஸ்.ஐ. காட்டும். எல்லாச் சிலிண்டரும் 100க்குக் கீழே என்றால் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று குறிகளைச் சரிபாருங்கள்.

ஈ.சி.யு. மிக அரிதாகவே போகும். அதைக் குற்றம் சொல்லும் முன் அதன் எர்த் வயர்கள் இன்ஜினில் திருகப்பட்ட இடத்தைக் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா பாருங்கள். பெட்டியைத் திறக்க நேர்ந்தால் கெபாசிட்டர் கசிந்த பிசுபிசுப்பும் மீன் வாடையும் தெரியும்.

இவற்றில் பாதியை வீட்டிலேயே செய்ய முடியாதவர்களும் மெக்கானிக்கிடம் போகும்போது ஒரு தாளில் இதை எழுதிக் கொடுக்கலாம்: சூட்டில் நடக்கிறதா குளிரிலா, செல்ஃப் சத்தம் சீராக இருந்ததா ஏற்ற இறக்கமா, செக் இன்ஜின் விளக்கு எரிந்ததா, பம்ப் முனகியதா, டேக்கோ முள் அசைந்ததா, பிளக் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா. வயரைத் தொங்கவிட்டுப் பொறி பார்க்கும் முறை வேண்டாம் என்ற திருத்தத்தையாவது அடுத்த வார வாகனப் பக்கத்திலேயே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன மின்னியல் மெக்கானிக் ஒருவர்